‘யாருக்கும் தெரியாத ஸ்பாட்’னா, காப்பாத்த வர்றவனுக்கும் தெரியாதுன்னு அர்த்தம்

அக்கா பையன் நேத்து ராத்திரி ஒரு ரீல்ஸ் அனுப்பினான். ஏற்காட்டில் யாருக்குமே தெரியாத குளியல் ஸ்பாட்கள். ட்ரோன்ல எடுத்த காட்சி, பச்சைத் தண்ணி, பாறை மேலிருந்து ஒரு பையன் குட்டிக்கரணம் அடிச்சுக் குதிக்கிறான், பின்னாடி பாட்டு. கீழே மாப்ளையோட கேள்வி: "மாமா, சனிக்கிழமை ஆறு பேர் போறோம். இதுல எது பெஸ்ட்?"

அவனுக்குப் பதில் எழுத ஆரம்பிச்சேன், நீண்டு போச்சு. அவனை மாதிரி ஆயிரம் பேர் இதே கேள்வியோட வண்டியக் கிளப்பப் போறாங்க. அதனால இழையாவே போடறேன். கொஞ்சம் கோபமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் தண்ணியப் பார்த்தா பயப்படற ஆள் இல்ல. அப்பா தோட்டத்துக் கிணத்துல இடுப்புல காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கிட்டு நீச்சல் பழகினவன். இன்னைக்கும் நீந்தறேன். "தண்ணிப் பக்கமே போகாதே"ன்னு உபதேசம் பண்ண வரல. ஆனா சேலத்துல அவசர சிகிச்சைப் பிரிவுல சில வருஷம் வேலை பார்த்திருக்கேன். சேர்வராயன் மலை அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தா தெரியும். அந்த மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்பட்டவங்களையும் பார்த்திருக்கேன்.

மாப்ள கேள்விக்கு நேரடி பதில்: அந்த ரீல்ஸ்ல எதுவுமே பெஸ்ட் இல்ல. ஏற்காட்டுல இயற்கையான நீர்நிலைகள்ல நிம்மதியா இறங்கி நீந்தலாம்னு நான் கைகாட்டக்கூடிய இடம் ஒண்ணுகூட கிடையாது. ஏன்னு சொல்றேன்.

ஏற்காடுன்னாலே ஏரி, காடு. ஊர் நடுவுல இருக்கிற ஏரியில படகு விடலாம், குளிக்க அனுமதி இல்ல. அந்த ஏரி நிரம்பி வழியற தண்ணிதான் கிளியூர் பள்ளத்தாக்குல சுமார் 300 அடி கீழே விழுது. அதுதான் கிளியூர் அருவி. இதை ஒரு நிமிஷம் யோசிங்க. அருவியில நீங்க வாயைத் திறந்து வாங்கிக்கிற தண்ணி எங்கயோ சுனையில ஊறி வர்றது இல்ல. ஓட்டல், விடுதி, கடை எல்லாம் சுத்தி இருக்கிற ஒரு சுற்றுலா ஊரோட ஏரியிலிருந்து வழிஞ்சு வர்றது. வயித்துப்போக்குல ஆரம்பிச்சு எலிக்காய்ச்சல் வரைக்கும் அதுல என்னென்ன வரலாம்னு தனி இழை போடலாம். இன்னைக்கு விஷயம் அது இல்ல.

இன்னைக்கு விஷயம் மூச்சு.

ஏற்காட்டோட சிக்கல் அதன் பருவத்துலயே இருக்கு. கோடை விழாவுக்காக மே மாசம் கூட்டம் ஏறும். அப்போ கிளியூர்ல பெரும்பாலும் பாறைதான் தெரியும், ஓரமா நூல் மாதிரி தண்ணி வழியும். இவ்வளவு தூரம் வந்து ஒரு முங்கு போடலைன்னா எப்படின்னு மனசு அரிக்கும். அப்பதான் ‘உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச’ தேக்கம், எஸ்டேட் ஓடை, அடிவாரத்துல பழைய கல்குவாரிக் குட்டைன்னு தேடல் ஆரம்பிக்குது. மழைக்காலத்துலயோ நிலைமை தலைகீழ். அருவி நிறைய தண்ணி, ஆனா இறங்கற வழியெல்லாம் பாசி, மேல பெய்யற மழை கீழே நிக்கிறவனுக்குத் தெரியாது. தண்ணி இருக்கும்போது இறங்க முடியாது, இறங்க முடியும்போது தண்ணி இல்ல. இந்த உண்மையச் சொன்னா ரீல்ஸுக்கு யார் லைக் போடுவாங்க?

இனி அந்த ‘யாருக்கும் தெரியாத’ங்கற வார்த்தைக்கு வர்றேன். என் கோபம் முழுக்க அது மேலதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மதியம். இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பையனை கார் பின்சீட்ல படுக்க வெச்சுக் கொண்டுவந்தாங்க. குப்பனூர் பக்கமா இறங்கி வந்திருக்காங்க. உடம்பு சில்லுன்னு இருந்தது, கண்மணி விரிஞ்சு போயிருந்தது. நாங்க முக்கால் மணி நேரம் முயற்சி பண்ணினோம். வரல.

கூட வந்த நாலு பேரும் ஈரத் துணியோட நின்னாங்க. ஒருத்தன் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "சார், அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும் சார்."

என்ன நடந்ததுன்னு துண்டு துண்டா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வீடியோவுல பார்த்த இடத்துக்குத்தான் போயிருக்காங்க. அவன் மூழ்கினதும் ரெண்டு பேர் எப்படியோ இழுத்துப் போட்டுட்டாங்க. போன்ல சிக்னல் இல்ல. ஒருத்தன் மேட்டுல ஓடி, சிக்னல் கிடைச்சு, 108-க்கு அடிச்சிருக்கான். அவங்க கேட்ட முதல் கேள்வி, "எந்த இடம்?" இவன் சொன்னது வீடியோவுல இருந்த பேரு. ஏதோ ‘சீக்ரெட் லகூன்’. அந்தப் பேர்ல ஏற்காட்டுல இடமே கிடையாது! வீடியோ போட்டவர் வெச்ச பேரு அது. பக்கத்துல எந்த ஊர், எந்த எஸ்டேட், எந்த ரோடு, இவனுக்கு எதுவும் தெரியல. கூகுள் மேப் புள்ளியைப் பிடிச்சுப் போனவனுக்கு ஊர்ப் பேர் எப்படித் தெரியும்?

கடைசியில அவங்களே தூக்கிட்டு வந்துட்டாங்க. பசங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. இறங்கினது தப்புதான். ஆனா ஒரு இடத்துக்கு இல்லாத பேரை வெச்சு, அதை ஆயிரக்கணக்கான பேருக்கு வித்துட்டு, ஆழம் எவ்வளவு, வெளியேற வழி எது, சிக்னல் இருக்கா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு ஒரு வரிகூட சொல்லாம போறவரை என்ன சொல்றது? அந்த வீடியோ ரொம்ப நாள் இருந்துச்சு. கீழே ‘ப்ரோ லொகேஷன் ப்ளீஸ்’னு வரிசையா கெஞ்சிக்கிட்டு இருந்தாங்க.

மூளைக்கு ஆக்சிஜன் போகலைன்னா நாலுலேர்ந்து ஆறு நிமிஷத்துல நிரந்தர சேதம் ஆரம்பிச்சிடும். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், நேர் ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. ஆஸ்பத்திரி உங்களைக் காப்பாத்தும்னு நம்பி அங்க தண்ணியில இறங்காதீங்க. நான் டாக்டர், நானே சொல்றேன். அந்த ஆறு நிமிஷத்துல உங்க பக்கத்துல நிக்கிறவன்தான் உங்களுக்கு டாக்டர்.

"நல்லா நீச்சல் தெரியும்"ங்கறதையும் பேசிடுவோம். கிணத்துலயோ நீச்சல்குளத்துலயோ நீந்தினவனுக்கு மலைத் தண்ணி வேற. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல சுமார் 1500 மீட்டர். நிழலான ஓடைத் தண்ணி சமவெளித் தண்ணியைவிடக் குளிரும். வெயில்ல நடந்து வேர்த்துப்போன உடம்பு சில்லுத் தண்ணியில சட்டுன்னு விழும்போது, ‘ஹா’ன்னு மூச்சை உள்ளே இழுப்பீங்க. அது உங்க கட்டுப்பாட்டுல இல்ல, உடம்பே பண்றது. அந்த நொடியில தலை தண்ணிக்குள்ள இருந்தா இழுக்கிறது காத்து இல்ல. நீச்சல் தெரிஞ்சவனும் இதுல போவான்.

அருவி விழற இடத்துல இன்னொண்ணு. தண்ணி முழுக்க நுரை, காத்துக் குமிழி. அந்தத் தண்ணி உடம்பைச் சரியா மிதக்க விடாது. சத்தத்துல கத்தினாலும் கேக்காது. அப்புறம் ஆழம். தெளிஞ்ச தண்ணியில எட்டடி ஆழம் மேலிருந்து பார்த்தா ஆறடி மாதிரித்தான் தெரியும், பத்தாம் வகுப்பு ஒளிவிலகல் பாடம். கலங்கின தண்ணியில ரெண்டடியில பாறை இருந்தாலும் தெரியாது. அங்க தலைகீழா பாயறவன் சாகாம கழுத்தெலும்பு உடைஞ்சு, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாம படுத்துக் கிடக்கிறதையும் பார்த்திருக்கேன். அதைப் பத்தி ரீல்ஸ் வராது.

கல்குவாரிக் குட்டை இன்னும் மோசம். ஓரம்னு ஒண்ணு கிடையாது. கால் வெச்ச அடுத்த அடியில முப்பதடி. செங்குத்தா வெட்டின சுவர், பிடிச்சு ஏற இடம் இருக்காது.

குடிச்சிட்டு இறங்கறவங்களுக்கு நான் தனியா எதுவும் எழுதல. உங்களுக்கே தெரியும்.

மூழ்கறது சினிமாவுல காட்டற மாதிரி இருக்காதுங்கறதை மட்டும் தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க. கையைத் தூக்கி ‘காப்பாத்துங்க’ன்னு கத்தறவனுக்கு இன்னும் மூச்சு இருக்கு. நிஜமா மூழ்கறவனுக்குக் கத்த முடியாது. வாய் தண்ணிக்கு மேல வர்ற நேரம் மூச்சு இழுக்கவே போதாது. கை பக்கவாட்டுல தண்ணியை அமுக்கிக்கிட்டே இருக்கும், தலை பின்னாடி சாஞ்சு இருக்கும், அப்படியே அமைதியா, இருபது நொடியிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள கீழே போயிடுவான். அஞ்சடி தூரத்துல செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்கிற நண்பனுக்குத் தெரியாது. விளையாடறான்னு நினைச்சுட்டோம் சார்ங்கறதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன்!

அடுத்து, காப்பாத்தக் குதிக்கிறது. ஒருத்தன் முங்கினா ரெண்டாவது ஆள் குதிப்பான், அவனைத் தேடி மூணாவது. மறுநாள் பேப்பர்ல ‘நண்பர்கள் மூவர் பலி’. முங்கறவன் கையில எது சிக்கினாலும் அது மேல ஏறுவான், அது நண்பனோட தலையா இருந்தாலும் சரி. அதனால குதிக்காதீங்க, எதையாவது வீசுங்க.

என்னத்தை வீசறதுன்னு கேக்கறவங்களுக்கு: 2020 ஆகஸ்ட், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணை. இளைஞர்கள் நாலு பேர் தண்ணியில மாட்டிக்கிட்டாங்க. அங்க துணி துவைச்சுக்கிட்டு இருந்த மூணு பெண்கள், கட்டியிருந்த சேலையை அவிழ்த்து முடிச்சுப் போட்டு வீசி ரெண்டு பேரை இழுத்துட்டாங்க. மத்த ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. அந்த வருஷம் கல்பனா சாவ்லா விருது அவங்களுக்குத்தான் கொடுத்தாங்க. அவங்க கையில எந்தப் பயிற்சிச் சான்றிதழும் இல்ல. சேலை இருந்துச்சு, புத்தி இருந்துச்சு. உங்க கார்ல இருக்கிற மூடி போட்ட காலி தண்ணிக் கேன், கயிறு, வேட்டி, துப்பட்டா, நீளமான கிளை, எல்லாமே உதவும்.

வெளியே இழுத்தாச்சு. இப்ப நம்ம ஆளுங்க பண்ற முதல் காரியம்? வயித்தை அமுக்கறது. தலைகீழாத் தூக்கிச் சுத்தறது. தோள்ல போட்டுக்கிட்டு ஓடறது. மேல சொன்ன பையனுக்கும் இதெல்லாம் நடந்திருக்கு. தமிழ் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியம், இதனால போன உயிருக்குக் கணக்கு கிடையாது.

நுரையீரல்ல போன தண்ணி வயித்தை அமுக்கினா வராது. வயித்துல இருக்கிற சோறுதான் வரும், அது நேரா மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். ஏற்கனவே அடைபட்டவனுக்கு இன்னொரு அடைப்பு. அவனுக்குத் தேவை காத்து. அது மட்டும்தான்.

மல்லாக்கப் படுக்க வையுங்க. கூப்பிட்டா அசைவில்ல, மூச்சு இல்லன்னா ஒருத்தர் 108-க்கு அடிக்கட்டும். இன்னொருத்தர் தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வெச்சு அஞ்சு தடவை ஊதணும், நெஞ்சு மேல எழும்பற அளவுக்கு. அப்புறம் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு வேகமா, அழுத்தமா 30 தடவை, பிறகு ரெண்டு தடவை ஊதறது. 30-க்கு 2. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும், இல்ல அவன் இருமற வரைக்கும் நிறுத்தாதீங்க. நெஞ்சை அமுக்கினா மட்டும் போதும்னு நீங்க கேள்விப்பட்டது திடீர்னு மயங்கி விழற மாரடைப்பு நோயாளிக்கு. இவன் இதயம் நின்னது காத்து இல்லாததால, அதனால ஊதறது ரொம்ப முக்கியம். ஊதத் தெரியல, பயமா இருக்குன்னா நெஞ்சையாவது அமுக்குங்க, சும்மா நிக்காதீங்க. பிழைச்சு எழுந்து ‘ஒண்ணுமில்ல’ன்னு சிரிச்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. சில மணி நேரம் கழிச்சு மூச்சுத் திணறல் வரலாம்.

இந்த இடத்துல பெரியவங்க சிலர் வருவாங்க. "எங்க காலத்துல கிணத்துல தள்ளிவிட்டுத்தான் கத்துக்கிட்டோம், நாங்க சாகலையே?" ஐயா, செத்தவங்க வந்து எழுத மாட்டாங்க. ஆனா உங்க பேச்சுல பாதி நியாயம் இருக்கு. அந்தக் காலத்துல தள்ளிவிடறதுக்கு ஒரு சித்தப்பா இருந்தார், தள்ளினதும் பின்னாடியே குதிக்கவும் அவரே இருந்தார். கிணறும் வாய்க்காலும் பம்புசெட் தொட்டியும் ஊருக்கு ஊர் இருந்துச்சு. இப்ப கிணறு வத்திப்போச்சு, போர் போட்டாச்சு. ஒரு தலைமுறையே முழங்கால் தண்ணியைத் தாண்டாம இருபது வயசாகிடுச்சு. அவங்கதான் வண்டி எடுத்துக்கிட்டு மலை ஏறறாங்க.

அரசாங்கத்துக்கு வர்றேன். இந்தியாவுல ஒவ்வொரு வருஷமும் தண்ணியில மூழ்கிச் சாகறவங்க முப்பதாயிரத்துக்கும் மேல. உலக அளவுல 2021-ல மட்டும் சுமார் 3 லட்சம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஜூலை 25-ஐ ‘மூழ்கலைத் தடுக்கும் நாள்’னு ஐ.நா.வே அறிவிச்சிருக்கு. டெங்குவுக்குக் கொசு மருந்து அடிக்கிறோம், ஹெல்மெட்டுக்கு அபராதம் போடறோம். இதுக்கு மட்டும் நாம வெச்சிருக்கிற ஒரே திட்டம் தகரப் பலகை. ‘இங்கு குளிக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.’ எழுத்து பாதி துருப்பிடிச்சிருக்கும். ஒருத்தர் செத்ததும் புதுசா பெயின்ட் அடிப்பாங்க.

பலகையே வேண்டாம்னு சொல்லல. பலகையோட கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறதைத்தான் சொல்றேன். குற்றாலத்தைப் பாருங்க. லட்சக்கணக்கான பேர் அருவியில குளிக்கிறாங்க. தடுப்புக் கம்பி இருக்கு, போலீஸ் நிக்குது, தண்ணி கூடினா விசில் ஊதி எல்லாரையும் வெளியேத்தறாங்க. அங்கயே 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசு மாணவனை அடிச்சிட்டுப் போச்சு. ஆள் நிக்கிற இடத்துலயே அந்த நிலைமைன்னா, யாருமே நிக்காத எஸ்டேட் ஓடையில உங்களுக்கு யார் விசில் ஊதுவா?

கோவாவுல 2008-லேர்ந்து கடற்கரையில சம்பளத்துக்கு உயிர்காப்பாளர்களை நிறுத்தியிருக்காங்க. எங்க இறங்கலாம், எங்க கூடாதுன்னு கொடி கட்டறாங்க. ‘குளிக்கவே கூடாது’ன்னு சொல்றதைவிட ‘இங்க குளி, அங்க குளிக்காதே’ன்னு சொன்னா ஜனங்க கேப்பாங்க. பங்களாதேஷ்ல ஊர்க் குளத்துலயே மூங்கில் தட்டி கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாங்க. பணக்கார நாடு இல்ல. மூங்கில் நம்மகிட்டயும் இருக்கு. ஏற்காட்டுக்கு நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. கிளியூர்ல தண்ணி ஓடற மாசங்கள்ல பயிற்சி பெற்ற ரெண்டு ஆள், ஒரு கயிறு, ஒரு மிதவை வளையம், சிக்னல் இல்லாத இடத்துல ஒரு வயர்லெஸ். அப்புறம், அந்த மலைப் பிள்ளைகளுக்கும் அடிவாரப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துலயே நீச்சலும் சிபிஆரும். கோடை விழா மலர் அலங்காரத்துக்கு ஆகற செலவோட ஒப்பிட்டா இது எவ்வளவு இருக்கும்னு யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

ரீல்ஸ் போடற தம்பி தங்கச்சிகளுக்கு: உங்க பிழைப்பைக் கெடுக்க வரல. இடத்தோட உண்மையான ஊர்ப் பேரைப் போடுங்க. குதிக்கிற காட்சியை எடுத்துடுங்க. எஸ்டேட்னா அது ஒருத்தரோட சொத்து, அனுமதி வாங்கினீங்களான்னு சொல்லுங்க. முக்கியமா, அந்த ஊர் மலையாளி மக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. (கேரளாக்காரங்களைச் சொல்லல, சேர்வராயன் மலையோட பழங்குடி மக்கள்.) ஒரு தேக்கத்தைக் காட்டி நான் கேட்டப்போ ஒரு பெரியவர் சொன்னார்: "நாங்க மாடு கழுவக்கூட அங்க இறங்க மாட்டோம்ங்க சார்." தலைமுறையா அங்கயே வாழறவர் இறங்காத தண்ணியில ஓசூர்லேர்ந்து வந்தவன் குட்டிக்கரணம் அடிக்கிறான்.

சரி மாப்ள, சனிக்கிழமைக்கு வருவோம். போகாதேன்னு சொல்லல. ஏரியில படகு எடுங்க, லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்துல மாட்டித் தொங்கவிடாம கட்டிக்கோங்க. பகோடா பாயின்ட் போங்க, சேர்வராயன் கோயிலுக்குப் போங்க. கிளியூர்ல தண்ணி இருந்தா படிக்கட்டுல நின்னு பாருங்க, தடுப்பைத் தாண்டாதீங்க. நீந்தியே ஆகணும்னா நீச்சல்குளம் இருக்கிற விடுதியில ரூம் போடுங்க. போட்டதும் ரிசப்ஷன்ல, ஆழம் எவ்வளவு, காப்பாத்த ஆள் இருக்காரான்னு கேளு. ‘ஆள் இல்ல’ன்னுதான் பல இடத்துல சொல்வாங்க. அப்போ உங்க ஆறு பேர்ல ஒருத்தன் தண்ணியில இறங்காம, போனைப் பாக்காம, மேல உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்கணும். அரை மணிக்கு ஒரு ஆள் மாத்திக்கோங்க.

டிக்கியில ஒரு காலி அஞ்சு லிட்டர் கேனும், இருபது அடி நைலான் கயிறும் போட்டு வைக்கச் சொல்லி அக்காகிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் வீட்டுக்கு வாங்கடா. தலையணையை வெச்சு சிபிஆர் சொல்லித்தர்றேன், அரை மணி நேரம்தான். அக்கா போண்டா போடறேன்னு சொல்லியிருக்கா.